முப்பது டிகிரி

மார்ச் 3

வாண்டு,

இந்தப் பெயரால் உன்னைக் கூப்பிட்டுப் பதினான்கு வருஷம் ஆகிறது. உனக்குத் தலை நரைக்க ஆரம்பித்திருக்கும். வேறு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை, அதனால் இதையே வைத்துக்கொள்கிறேன்.

நலம் விசாரிக்க எழுதவில்லை. ஒரு வேலையாக எழுதுகிறேன். உன் நம்பரை அப்பாவிடம் கேட்டு வாங்கியிருக்கலாம். ஃபோனில் பேசினால் இரண்டாவது நிமிஷத்தில் நான் கத்துவேன், மூன்றாவது நிமிஷத்தில் நீ வைத்துவிடுவாய். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது.

ஜனவரியில் என் வலது முழங்காலுக்கு ஆபரேஷன் ஆனது. அப்பா சொல்லியிருப்பார், சொல்லாமலும் இருந்திருப்பார். முட்டிச் சில்லு பதினோராவது தடவையாக நழுவியது. நான் இப்போது ஒரு உதிரிபாகக் கிடங்கில் இருக்கிறேன். கேட்கிற எண்ணுக்கு மேல் தட்டிலிருந்து பெட்டியை எடுத்துக் கொடுக்கிற வேலை, பாதி நாள் ஏணியில்தான். அன்றைக்கு நாலாவது படியில் கால் என்னைக் கேட்காமல் போய்விட்டது. பெட்டியும் நானும் சேர்ந்தே கீழே வந்தோம்.

டாக்டர் என் தொடையிலிருந்து ஒரு தசைநாரை எடுத்து, சில்லின் உள் ஓரத்தையும் தொடை எலும்பையும் சேர்த்துக் கட்டியிருக்கிறார். எலும்பில் துளை போட்டு, நாரை அதற்குள் செருகி, திருகாணி வைத்து முடுக்கியிருக்கிறாராம். இனி சில்லு வெளியே ஓடாதாம். இன்னும் இரண்டு மாதத்தில் ஏணி ஏறலாம் என்கிறார். அந்தக் காலை நம்பி ஏறலாமா என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும்.

அவர் பழைய எக்ஸ்ரே படங்களைக் கேட்கிறார். முதல் படம் நீ எடுத்தது. உடற்கல்வி ஆசிரியர் பயிற்சியில் நான் இரண்டாம் வருஷம் இருந்தபோது எடுத்தது. அதைப் பார்த்துத்தான் கல்லூரியில் 'ஓடுவதற்குப் பயந்து நடிக்கிறாள்' என்று எழுதி என்னை வெளியே அனுப்பினார்கள். அவர்களை விடு. நம் வீட்டுக் கூடத்தில், பெரியப்பா குடும்பம் மொத்தமும் உட்கார்ந்திருக்க, நீ சொன்னாய்: "நானே படம் எடுத்தேன். அவ முட்டியில ஒண்ணுமே இல்ல." மற்றவர்கள் சொன்னதெல்லாம் மறந்துவிட்டது. இது மட்டும் ஒரு எழுத்து பிசகாமல் இருக்கிறது.

படம் இருந்தால் அனுப்பு. இல்லையென்றால் இல்லை என்று ஒரு வரி எழுது.

அக்கா


மார்ச் 14

அக்காவுக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் உறையை மத்தியானம் வரை திறக்கவில்லை. வேலை நெரிசல் என்று எழுதலாம் என்றுதான் நினைத்தேன். அது காரணம் இல்லை.

ஆபரேஷன் விஷயம் அப்பா எனக்குச் சொல்லவில்லை. கேட்டேன். "சொன்னா நீ என்ன செய்யப்போற" என்றார். அவருக்குக் கண் புரை எடுத்தாகிவிட்டது, நடை கொஞ்சம் தளர்ச்சி, மற்றபடி என்னை அதட்டும் அளவுக்கு நன்றாகவே இருக்கிறார்.

படத்தைத் தேடிப் பார்க்கிறேன். வீடு மாறியதில் பல சாமான்கள் இடம் தெரியாமல் போய்விட்டன.

அதற்குள் சில விவரம் தேவை. ஆபரேஷனுக்குப் பிறகு என்னென்ன படம் எடுத்தார்கள்? முன்னாலிருந்தும் பக்கவாட்டிலும் எடுத்திருப்பார்கள். முழங்காலை மடக்கி வைத்து, சில்லுக்கு மேலிருந்து கீழ்நோக்கிப் பார்க்கிற மாதிரி ஒன்று எடுப்பார்கள். தொடை எலும்பின் முனையில் உள்ள பள்ளத்துக்குள் சில்லு ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறதா என்று அதில்தான் தெரியும். அதை எடுக்கும்போது உன் கால் எவ்வளவு மடங்கியிருந்தது? முப்பது டிகிரிதான் மடங்க வேண்டும். அதாவது முக்கால்வாசி நீட்டின மாதிரி. கட்டாயம் விசாரித்து எழுது.

இன்னொன்று. மடக்கும்போது இறுக்கிப் பிடித்து, நீட்டும்போது தளர்ந்த மாதிரி இருக்கிறதா?

மாமாவை விசாரித்ததாகச் சொல்.

தம்பி


மார்ச் 29

வாண்டு,

ஒரு வரி பதில் கேட்டால் கேள்வித்தாள் அனுப்புகிறாய். வேலையில் பெரிய ஆள் ஆகிவிட்டாய் போல. சரி, பதில் எழுதுகிறேன், எனக்கும் இங்கே கட்டிலில் வேறு வேலை இல்லை.

ஆமாம், மடக்கினால் இறுக்கிப் பிடிக்கிறது. நாற்காலியில் உட்கார்வது வரைதான் வருகிறது, அதற்கு மேல் உள்ளே யாரோ கயிற்றை இழுத்துப் பிடித்த மாதிரி வலி. நீட்டும்போது எதிலும் பிடிப்பு இல்லை. மாடிப்படி இறங்கும்போது ஒவ்வொரு படியிலும் சில்லு வெளியே பார்த்து ஒரு எட்டு வைக்கிறது. போகவில்லை, ஆனால் போகலாமா என்று யோசிக்கிறது. பதினோரு தடவை பார்த்தவளுக்கு அந்த யோசனை தெரியாதா? உனக்கு இது எப்படித் தெரிந்தது? நான் எழுதவே இல்லையே.

டாக்டரிடம் சொன்னேன். அவர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். சில்லு பள்ளத்துக்குள் கச்சிதமாக இருக்கிறது என்றார். "பயம்மா. நிறைய தடவை நழுவினவங்களுக்கு இப்படித்தான் இருக்கும். மனசு இன்னும் நம்பல." நல்ல மனுஷர், சிரித்துக்கொண்டேதான் சொன்னார். உன் மாமாவும் வீட்டுக்கு வந்து அதையே சொன்னார். அவரைக் குறை சொல்லி என்ன, மூன்று மாதமாகச் சமையலும் துணியும் அவர் தலையில்தான். படி இறங்கும்போது கண்ணாடிச் சாமானைத் தூக்குகிற மாதிரி என் முழங்கையைப் பிடித்துக்கொள்கிறார், வாயால் மட்டும் ஒன்றுமில்லை என்கிறார்.

எனக்குச் சண்டை போடத் தெம்பில்லை. இருபத்துமூன்று வயதில் கத்தினேன், அழுதேன். இப்போது 'சரிங்க டாக்டர்' என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். ஒருவேளை நான்தான் பைத்தியமோ என்றுகூடத் தோன்றுகிறது. இரண்டு தடவை, இரண்டு ஊரில், இரண்டு படமும் ஒன்றுமில்லை என்றால் வேறு என்ன நினைப்பது?

நீ கேட்டதை மட்டும் விசாரித்தேன். அங்கே படம் எடுக்கிற பெண் சின்ன வயசு, எந்நேரமும் கண்ணில் தூக்கம். எனக்கு வலிக்கக் கூடாதென்று மேஜை ஓரத்தில் உட்கார வைத்துக் காலைத் தொங்கவிட்டு எடுத்தாளாம். முப்பது டிகிரி என்றதும் முகம் மாறிவிட்டது. "அக்கா, அவ்வளவு மடக்கினா எந்தச் சில்லும் உள்ளே போய் நல்ல பிள்ளையா உட்கார்ந்துக்கும். சேட்டையெல்லாம் கொஞ்சமா மடக்குறப்பதான்" என்றாள். சொல்லிவிட்டு, இதை டாக்டரிடம் சொல்லிவிடாதீர்கள் என்று கெஞ்சினாள்.

அதைக் கேட்டதிலிருந்து எனக்கு ஒரே கேள்விதான். அன்றைக்கு நீ என் காலை எவ்வளவு மடக்கி வைத்தாய்?

அக்கா


ஏப்ரல் 6

அக்கா,

நான்கு முறை எழுதிக் கிழித்தேன். இது ஐந்தாவது. இதைக் கிழிக்காமல் அனுப்புவதாக இருக்கிறேன்.

படம் என்னிடம்தான் இருக்கிறது. முதலிலிருந்தே இருக்கிறது. தேடுகிறேன் என்று எழுதியது பொய். அலமாரியில் என் சான்றிதழ்களுக்கு அடியில், அதே பழுப்பு உறையில் வைத்திருக்கிறேன். இத்துடன் அனுப்புகிறேன்.

நீ கேட்டதற்குப் பதில்: தொண்ணூறு டிகிரி. மேஜை ஓரத்தில் காலைத் தொங்கவிட்டுத்தான் எடுத்தேன்.

நடந்ததைச் சொல்கிறேன். நான் வேலையில் சேர்ந்து ஏழாவது மாதம். முப்பது டிகிரிதான் வைக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். அதற்கென்று சாய்வான மரக்கட்டை ஒன்று இருக்கும், அதன்மேல்தான் உன் காலை முதலில் வைத்தேன். வைத்ததும் நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய். "வேண்டாம்டா, இப்படி வச்சா போயிடும்டா" என்றாய். வேறு யாராக இருந்தாலும் அசையாமல் இருங்கள் என்று அதட்டி எடுத்திருப்பேன், தினமும் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருந்தேன். நீ அக்கா. மனசு கேட்கவில்லை. கட்டையை எடுத்துவிட்டு, உனக்கு எப்படி வசதியோ அப்படி மடக்கு என்றேன். நன்றாக மடக்கியதும் உனக்கு உயிர் வந்தது, சிரித்தாய். அழுத்தினேன். படம் அழகாக வந்தது.

நீ எந்த நிலையில் போய்விடும் என்று பயந்தாயோ, அந்த நிலையில் எடுத்திருந்தால் அதுதான் சாட்சி. உனக்கு வலிக்கக் கூடாதென்று அந்தச் சாட்சியை நானே இல்லாமல் ஆக்கிவிட்டேன். அப்போது இவ்வளவு தூரம் யோசிக்கவில்லை. வித்தியாசம் கொஞ்சம்தான் இருக்கும் என்று நினைத்தேன். அந்தக் கூடத்தில் அதைச் சொன்னபோது நிஜமாகவே நம்பித்தான் சொன்னேன்.

இரண்டு வருஷம் கழித்து ஒரு வாரப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். ஒரே முழங்காலை முப்பதிலும் அறுபதிலும் தொண்ணூறிலும் எடுத்த மூன்று படங்களை வரிசையாக மாட்டினார்கள். முதல் படத்தில் சில்லு பள்ளத்தைவிட்டுப் பாதி வெளியே. மூன்றாவதில், உன் படத்தில் போலவே, கச்சிதமாக உள்ளே இருந்தது. மற்றவர்கள் குறிப்பு எழுதினார்கள். நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

அப்போதே உனக்கு எழுதியிருக்க வேண்டும். உனக்குக் கல்யாணம் ஆகியிருந்தது, கல்லூரி முடிந்துபோன கதை, இப்போது சொல்லி என்ன என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அப்புறம் சொல்லாமல் போன நாளே பெரிய காரணமாகிவிட்டது.

மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் இல்லை.

தம்பி


ஏப்ரல் 11

உன் கடிதமும் படமும் வந்தன.

அலட்சியத்தில் செய்திருந்தால் திட்டித் தீர்த்திருப்பேன். பாசத்தில் செய்த தப்புக்கு நான் யார்மேல் கோபப்படுவது? நான்தானே கையைப் பிடித்தேன். அதனால் அதை விட்டுவிட்டேன்.

ஆனால் தெரிந்தபிறகு பன்னிரண்டு வருஷம் சும்மா இருந்தாயே. அந்தப் பன்னிரண்டு வருஷத்தில் நான் எட்டு தடவை விழுந்திருக்கிறேன். எட்டு தடவையும் எழுந்ததும் முதலில் பார்த்தது யாராவது சிரிக்கிறார்களா என்றுதான். கோபத்தை அதற்கு மட்டும் வைத்திருக்கிறேன்.

இனி எழுதாதே.


ஏப்ரல் 19

அக்கா,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன். திட்டுவதை ஒன்றாகச் சேர்த்துப் பிறகு திட்டு.

என்னைப் பற்றி இதில் ஒரு வார்த்தைகூட இல்லை. உன் டாக்டரின் படத்தைப் பற்றி மட்டும். நீ சொல்வது பயம் இல்லை. மடக்கினால் இறுக்கமும் நீட்டினால் தளர்ச்சியும் என்றால், தொடை எலும்பில் போட்ட துளை இடம் மாறியிருக்கலாம். நாரின் ஒரு முனை ஒரு விரல் அளவு முன்னால் தள்ளிப் போனாலும் இப்படித்தான் ஆகும். இந்த மாதிரிக் கால்களை நான் படம் எடுத்திருக்கிறேன். முடிவு சொல்ல வேண்டியவர் டாக்டர்தான், ஆனால் அவர் கையில் சரியான படம் இருந்தால்தான் அவரால் சொல்ல முடியும்.

இரண்டு படம் வேண்டும். ஒன்று, முப்பது டிகிரியில் மேலிருந்து எடுப்பது. இரண்டாவது, சுத்தமான பக்கவாட்டுப் படம். தொடை எலும்பின் முனை இரண்டு உருண்டையாக இருக்கும். சரியான பக்கவாட்டில் எடுத்தால் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து ஒரே உருண்டையாகத் தெரியும். கால் கொஞ்சம் உருண்டிருந்தாலும் இரண்டாகப் பிரிந்துவிடும், அப்புறம் துளை எங்கே இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரே உருண்டை ஆகும்வரை திரும்பத் திரும்ப எடுக்காமல், முதலிலேயே காலைச் சரியாகப் பொருத்த வேண்டும். அதற்கான முறையைத் தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன். அதை அந்தப் பெண்ணிடம் கொடு. அவளைக் கோபிக்காதே.

கட்டையில் காலை வைக்கும்போது உனக்குப் பயமாக இருக்கும். மடக்காதே. தொடையைத் தளர்த்திவிடு. அந்தப் பெண் பாவம் பார்த்தால் பார்க்காதே என்று சொல்.

தம்பி


மே 9

வாண்டு,

உன் தனித்தாளை அந்தப் பெண்ணிடம் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தாள். "உங்க தம்பி எங்க சாரைவிடக் கறார்க்காரரா இருப்பார் போலிருக்கே" என்றாள். பிறகு அதை எடுத்துச் சுவரில் ஒட்டிவிட்டாள். திருப்பிக் கேட்டேன், தரவில்லை.

எடுத்தாகிவிட்டது. கட்டையில் வைத்ததும் அதே பழைய பயம். சில்லு ஒரு எட்டு வைத்தது. நான் மடக்கப் போனேன், அவள் என் பாதத்தைப் பிடித்துக்கொண்டு, "கஷ்டமாத்தான் இருக்கும் அக்கா, இங்கேயே நிறுத்துங்க, ரெண்டு நிமிஷம்" என்றாள். நிறுத்தினேன். பல்லைக் கடித்ததில் தாடை இன்னும் வலிக்கிறது.

நீ சொன்னதுதான். சில்லு வெளிப்பக்கம் சாய்ந்து, பள்ளத்தின் விளிம்பில் தொற்றிக்கொண்டு நிற்கிறது. பக்கவாட்டுப் படத்தில் உருண்டை ஒன்றாக விழுந்தது, துளை தள்ளிப் போனது பட்டவர்த்தனமாகத் தெரிந்தது. டாக்டர் இரண்டு படத்தையும் மாறி மாறி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சாக்குச் சொல்வார் என்று காத்திருந்தேன். "இடம் தப்பிடுச்சும்மா. நான் போட்டதுதான். மறுபடி செய்யணும்" என்றார். அந்த மனுஷர்மேல் மதிப்பு வந்தது. ஒரே நிமிஷத்தில் சொல்லிவிட்டார் பார்.

காலை மறுபடி வெட்ட வேண்டும் என்று கேட்டுச் சந்தோஷப்பட்ட முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். வெளியே வந்து உன் மாமாவிடம் சொல்லிச் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருந்தேன், அவர் பயந்துபோய்த் தண்ணீர் வாங்கி வந்தார். பிறகு அழுதேன்.

ஆனால் சரி என்று நான் இன்னும் சொல்லவில்லை. களைத்துவிட்டது. மறுபடியும் மயக்கமருந்து, ஊன்றுகோல், மூன்று மாதக் கட்டில். ஏணி வேண்டாம், மேஜையில் உட்கார்ந்து சீட்டுக் கிழிக்கிற வேலைக்கு மாறிக்கொள்ளலாம் என்கிறார் மேற்பார்வையாளர். இப்படியே விட்டுவிட்டால் என்ன என்று இருக்கிறது. நான் நடிக்கவில்லை என்று தெரிந்தாகிவிட்டது, காலுக்காக இன்னொரு தடவை சண்டை போட வேண்டுமா?

ஒரு வேலை உனக்கு. அப்பாவிடம் சொல். கூடத்தில் எந்தக் குரலில் சொன்னாயோ அதே குரலில் சொல்.

அக்கா


மே 19

அக்கா,

சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலையில், அவர் சவரம் செய்துகொண்டிருந்தபோது. நேரம் பார்த்துச் சொன்னேன் என்று நினைக்காதே, அதற்கு மேல் தள்ளிப்போட்டால் சொல்ல மாட்டேன் என்று எனக்கே தெரிந்தது. சத்தமாகத்தான் சொன்னேன். நான் எடுத்த படம் தப்பு, அக்கா சொன்னது அத்தனையும் நிஜம் என்றேன்.

அவர் முகத்தைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். திட்டுவார் என்று நின்றுகொண்டிருந்தேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"எனக்குத் தெரியும்டா. நான் பார்த்தேன். படம் எடுக்கறதுக்கு ஒரு வாரம் முன்னாடி. பின்கட்டுக் குழாய்கிட்ட விழுந்து கிடந்தா. சில்லு இந்தப் பக்கம் திரும்பி நின்னுச்சு. நான்தான் காலை மெதுவா நீட்டிவிட்டேன், சட்டுன்னு உள்ளே போச்சு. அப்புறம் நீ வந்து ஒண்ணுமில்லைன்ன. படிச்ச பிள்ளை, மெஷின்ல பார்த்துட்டுச் சொல்றான். என் கண்ணுலதான் கோளாறுன்னு நினைச்சுக்கிட்டேன்."

அவ்வளவுதான். சாயந்திரம் உன் கடிதங்களைக் கேட்டு வாங்கினார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் படித்தார். என்னைத் திட்டியிருக்கும் இடங்களை மறுபடியும் படித்தார்.

ஆபரேஷன் விஷயத்தில் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். அது உன் கால். சொல்கிற உரிமையை நான் எப்போதோ தொலைத்துவிட்டேன்.

தம்பி


மே 28

வாண்டு,

அப்பா சொன்னதை உன் மாமாவைச் சத்தமாகப் படிக்கச் சொல்லிக் கேட்டேன்.

குழாயடியில் விழுந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. வலியில் கண்ணைத் திறக்கவே இல்லை. யாரோ குதிகாலைத் தாங்கிப் பிடித்துக் காலை நீட்டிவிட்டார்கள். அவ்வளவு பக்குவமாகச் செய்தது நீதான் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன், நீதானே அந்த வேலை படித்தவன். உன் கையாலேயே உள்ளே போட்டுவிட்டு, கூடத்தில் நின்று ஒன்றுமில்லை என்கிறாயே என்றுதான் எனக்கு ஆறவில்லை. கல்லூரியையோ பெரியப்பாவையோ நான் பெரிதாக நினைக்கவில்லை. பதினான்கு வருஷம் உன்னோடு பேசாமல் இருந்தது இதற்காகத்தான். நீ பார்க்கவே இல்லை. உனக்குத் தெரியவே தெரியாது.

நீ செய்யாத தப்புக்கு நான் பேசாமல் இருந்துவிட்டேன். செய்த தப்பு எனக்கு அப்போது தெரியவும் தெரியாது. இதை என்ன கணக்கில் சேர்ப்பது என்று உன் மாமாவைக் கேட்டேன். அவர், "ரெண்டு பேரும் ஒரே வயித்துல பொறந்தவங்கதான், சந்தேகமே இல்ல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அப்பாவிடம் நேற்றுப் பேசினேன். இரண்டு பேரும் மழை வெயில்தான் பேசினோம். வைக்கும்போது, "காலைப் பார்த்துக்கோம்மா" என்றார். இதுவரை ஒரு தடவைகூட அவர் காலைப் பற்றிக் கேட்டதில்லை.

ஆபரேஷனுக்குச் சரி என்று சொல்லிவிட்டேன். ஜூன் பதினேழு, செவ்வாய். முடிந்தபிறகு எடுக்கும் படத்தை எடுக்க நீ வர வேண்டியதில்லை, இங்கே ஒரு பெண் நன்றாகத் தேறியிருக்கிறாள், உன் காகிதம் அவள் சுவரில் இருக்கிறது. உன் மாமாவுக்கு அன்றைக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. படிவத்தில் நோயாளியோடு இருப்பவர் யார் என்று ஒரு கட்டம் இருந்தது. உன்னைக் கேட்காமலே தம்பி என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். காலை ஆறு மணிக்கே வந்துவிடு. உள்ளே விடமாட்டார்கள், வெளியே பெஞ்சில்தான் உட்கார வேண்டும்.

அக்கா